உயர்த்திய ஜீப் வைத்திருக்கும் தீவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பழைய ஜீப், லான்ட்ரோவர், பிக்கப் வைத்திருப்போருக்கும், அவற்றை வாடகைக்கு ஓட்டும் சாரதிமாருக்கும், ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை அவற்றின் கீழே படுத்து வேலை செய்யும் மெக்கானிக்மாருக்கும்:

ஸ்பிரிங் உயர்த்திய பழைய வண்டி நேர்ப்பாதையில் அலைந்தாலும், பள்ளத்தில் விழும்போது ஸ்ரியரிங் தானாகத் திரும்பினாலும், குறித்த ஒரு வேகத்தில் முன்சில்லுகள் இரண்டும் வெட்டி வெட்டி ஆடினாலும், முதலில் பார்க்க வேண்டியது அச்சின் கோணம். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும்போது அச்சையும் செசியையும் தொடுக்கும் ஒவ்வொரு தண்டும், குழாயும், மூட்டும் தொழிற்சாலை வைத்த கோணத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. அவற்றைத் திரும்பச் சரிசெய்யாதவரை உயர்த்தும் வேலை பாதியில்தான் நிற்கிறது. உங்களில் பலரின் வண்டிகள் அந்தப் பாதி வேலையோடு ஆட்களை ஏற்றி ஓடுகின்றன. இந்த மடல் எழுதப்படுவது அதற்காகவே.

நீங்கள் ஏன் உயர்த்துகிறீர்கள் என்பது விளங்காத விஷயமல்ல. நெடுந்தீவின் முருகைக்கல் தரையில் கல்முனைகள் அடியைத் தட்டுகின்றன. மாரியில் தாழ்ந்த ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழையதையே தூக்கிக் கட்டி ஓட்டுவதைத் தவிர வழி இருக்கவில்லை. ஆனால் அதே வண்டிதான் பண்ணைத் தாம்போதியிலும், வேலணையையும் புங்குடுதீவையும் தொடுக்கும் வாணர் தாம்போதியிலும் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் மாதங்களில், கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் போகும் வண்டிக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. நெடுந்தீவில் ஒழுங்கையின் இருபுறமும் கல்வேலி. அங்கே பாரதூரமான காயம் பட்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கடல் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

அலைச்சலின் முதற் காரணம் காஸ்ரர் கோணம் குறைவது. சைக்கிளின் முன்கவட்டை சற்றுப் பின்சாய்ந்து நிற்பது, கைவிட்டும் அது நேராக ஓட உதவுகிறது. ஜீப்பின் முன்சில்லு திரும்பும் கிங்பின்னும் அதே காரணத்துக்காகவே பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சீரிஸ் லான்ட்ரோவரில் அந்தச் சாய்வு 3 பாகை. கேட்கச் சிறிய எண்தான், ஆனால் அதில் இரண்டு பாகை போனாலே வளைவு முடிந்தபின் ஸ்ரியரிங் தானாக நடுவுக்கு வராது. சாரதி ஓயாமல் இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருப்பார்.

தீவகத்தில் மலிவாக நடக்கும் உயர்த்தல், ஸ்பிரிங்கின் முனையைச் செசியோடு தொடுக்கும் ஷாக்கிளை நீண்டதாகப் போடுவது. அதன் கணக்கைப் பாருங்கள். ஷாக்கிளை 50 மி.மீ. நீட்டினால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும் அவ்வளவு இறங்குகிறது. நடுவில் இருக்கும் அச்சுக்குக் கிடைக்கும் உயரம் அதில் பாதி, 25 மி.மீ. அந்த ஒரு அங்குலத்துக்காக, ஒரு மீற்றர் நீள ஸ்பிரிங் ஏறத்தாழ மூன்று பாகை சுழன்றுவிடுகிறது. ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தால், பழைய சுசுக்கி ஜீப்புகளில் இருப்பதுபோல, அந்த மூன்று பாகையும் காஸ்ரரிலிருந்து கழிகிறது. கொம்பனி வைத்த சாய்வு முழுவதும் ஏறத்தாழத் தீர்ந்துபோகிறது. ஷாக்கிள் பின்முனையில் இருக்கும் வண்டியில் இதற்கு மாறாகக் காஸ்ரர் கூடும். ஸ்ரியரிங் கனக்கும், முன் டிபரன்சியலின் மூக்கு கீழே தாழ்ந்து ஷாஃப்ற் மூட்டுகள் வளையும். ஒரே ஷாக்கிளை இரண்டு வகை வண்டிக்கும் போட்டுவிட்டு ஒரே மருந்து சொல்வது தவறாகப்போவது இதனால்தான்.

அளப்பதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அச்சின் ஸ்பிரிங் இருக்கையில் அல்லது கிங்பின் மூடியின் தட்டையான முகத்தில் கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் வசதியை வைத்தால், கோணம் அரைப் பாகை அளவுக்குத் தெரியும். உயர்த்துவதற்கு முன் ஒரு அளவு, உயர்த்திய பின் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இழந்த காஸ்ரர். முன் அளவு எடுக்காமல் ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் நமது கராஜ்களில் மிகவும் பரவிய பிழை. அந்த ஒரு எண் இல்லாவிட்டால் பிறகு எல்லாம் ஊகம்.

பிளேட் ஸ்பிரிங் வண்டியில் இழந்ததை மீட்க, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். ஆப்பின் தடித்த பக்கம் எங்கே என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே அச்சு தொங்கினால் தடித்த பக்கம் பின்னால் வரவேண்டும். ஸ்பிரிங்கின் மேல் அச்சு அமர்ந்திருந்தால் முன்னால். மாறி வைத்தால் மூன்று பாகை இழப்பு ஆறு பாகை ஆகும். அலுமினிய ஆப்பு அழுத்தத்தில் நொறுங்கும். உப்புக்காற்றில் இரும்போடு சேர்ந்து இன்னும் விரைவாக அரிக்கும். யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையது ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் இறுக்குங்கள். முன்னச்சில் ஆப்புக்குப் பதிலாகக் கட்டை அடுக்கி உயர்த்துவது மட்டும் வேண்டாம். பிறேக் பிடிக்கும்போது அச்சு முறுகும் விசை முழுவதும் அந்தக் கட்டையின் உயரத்தில் பெருகி, ஸ்பிரிங்கை எஸ் வடிவில் வளைத்துவிடும்.

அடுத்தது பள்ளத்தில் ஸ்ரியரிங் இழுப்பது. ஸ்ரியரிங் பக்கத்திலிருந்து குறுக்காகப் போய்ச் சில்லைத் திருப்பும் தண்டு, டிராக் லிங்க், கூடியவரை கிடையாக இருக்க வேண்டும். வண்டி உயரும்போது செசிப் பக்கம் மேலே போகிறது, அச்சுப் பக்கம் கீழே நிற்கிறது, தண்டு சரிகிறது. 700 மி.மீ. தண்டு ஒன்று 50 மி.மீ. சரிவில் இருந்து, சில்லு மேடேறி 50 மி.மீ. உயர்ந்தால், தண்டு பக்கவாட்டில் தள்ளும் தூரம் ஏறத்தாழ 1.8 மி.மீ. அதே தண்டு 100 மி.மீ. சரிவில் இருந்தால் அதே மேட்டில் 5.4 மி.மீ. தள்ளும். மூன்று மடங்கு. சாரதி ஸ்ரியரிங்கை அசைக்காமலே சில்லு திரும்புவதற்கு இதுதான் காரணம். எந்த ஷொக் அப்சோபரும் இதைத் தீர்க்காது. ஸ்ரியரிங் பெட்டியிலிருந்து அதை அசைக்கும் பிற்மன் ஆமைத் தாழ்ந்ததாகப் போட்டோ, அச்சுப் பக்கத்து ஸ்ரியரிங் ஆமை உயர்த்தியோ தண்டைத் திரும்பக் கிடையாக்க வேண்டும்.

கொயில் ஸ்பிரிங் வண்டிகளில் இன்னொரு தண்டும் சேர்கிறது. 1948இல் வந்த லான்ட்ரோவர் பிளேட் ஸ்பிரிங்கோடுதான் வந்தது. 1983இல் வந்த ஒன் டென் கொயிலுக்கு மாறியது. கொயிலில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது பான்ஹார்ட் தண்டு. அதுவும் டிராக் லிங்கும் ஒரே சரிவில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருந்தால், அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் நகர்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆகவே கொயில் வண்டியில் பிற்மன் ஆமை மட்டும் தாழ்த்தினால் இருந்த ஒத்திசைவும் கெடும். உயர்த்தியபின் முன்னச்சு ஒரு பக்கம் சில மி.மீ. ஒதுங்கி நிற்பதும் இந்தத் தண்டின் வேலைதான். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் தண்டு போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

உயர்த்தியபின் ஸ்ரியரிங் வட்டம் கோணலாக நிற்பதை நீங்கள் கையாளும் முறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடுகிறீர்கள். வெளியே பார்க்கச் சரி. ஆனால் பழைய ஸ்ரியரிங் பெட்டிகள் நடுநிலையில் மட்டுமே இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. இரு பக்கமும் போகப்போகச் சற்றுத் தளரும். டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்யாமல் வட்டத்தை மட்டும் மாற்றினால், வண்டி நேரே ஓடும்போது பெட்டி தன் தளர்ந்த பகுதியில் வேலை செய்கிறது. ஆட்டம் தெரிகிறது. உடனே பெட்டியின் திருகாணியை இறுக்குகிறீர்கள். அடுத்த வளைவில் பெட்டி நடுநிலைக்கு வரும்போது இறுகிப் பிடிக்கிறது, பற்கள் தேய்கின்றன. நல்ல பெட்டி ஒன்று இப்படி வீணாகிறது. பெட்டியை முதலில் நடுவில் நிறுத்துங்கள், சில்லுகளை நேராக்குங்கள், அதன்பிறகு டிராக் லிங்க்கின் நீளத்தை அந்த இடைவெளிக்குப் பொருத்துங்கள்.

மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு குழி தட்டியதும் தொடங்கி, நிறுத்தும்வரை நிற்காத முன்சில்லு ஆட்டத்தை உங்களில் அனுபவிக்காதவர் குறைவு. காஸ்ரர் பிழை அதைத் தூண்டலாம். அகலமான றிம்மும் ஸ்பேசரும் சில்லை வெளியே தள்ளி அதற்குத் துணைபோகும். ஆனால் தேய்ந்த மூட்டு ஒன்று எங்கோ இல்லாமல் அது பெரும்பாலும் நீடிப்பதில்லை. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது சில்லுப் பெயரிங்; மறையாவிட்டால் கிங்பின். இரு பக்கமும் கை வைத்து ஆட்டும்போது வரும் ஆட்டம் ரை ரொட் முனைகளுடையது. பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்ரியரிங்கைச் சிறிதாக இடமும் வலமும் அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஸ்பிரிங் புஷ், ஷாக்கிள், ஸ்ரியரிங் பெட்டி செசியோடு பொருந்தும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடல் காற்றில் நாற்பது ஆண்டு நின்ற செசியில், பெட்டி தொங்கும் பிறாக்கெற்றின் வெடிப்பு துருவுக்கும் பெயின்ருக்கும் அடியில் மறைந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தபின்தான் தெரியும்.

இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் புதிய ஸ்ரியரிங் டாம்பர் ஒன்றைப் பூட்டி அனுப்புவது வழக்கமாகியிருக்கிறது. டாம்பர் ஆட்டத்தை மறைக்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும், டாம்பர் களைத்த நாளில் ஆட்டம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். இதைச் செய்யும் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மாலைக்குள் வண்டி வேண்டும், செலவு கூடாது என்று நெருக்கும் உரிமையாளருக்கும் அதில் பங்குண்டு.

அதிர்வு ஸ்ரியரிங்கில் இல்லாமல் தரையிலும் இருக்கையிலும் வந்தால் ஷாஃப்றைப் பாருங்கள். வளைந்த கோணத்தில் சுழலும் யூனிவர்சல் ஜொயின்ற் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். உயர்த்தலும் ஆப்பும் அந்தச் சமத்தைக் குலைக்கின்றன. முன்னச்சில் காஸ்ரரை மீட்க ஆப்பு வைத்தால் டிபரன்சியலின் மூக்கு தாழ்வதால், ஒன்றைத் திருத்த மற்றது கெடும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பெரும் செலவு செய்ய வேண்டிவரும். முன் ஷாஃப்றைக் கழற்றிவிட்டு இரண்டு சில்லு இழுவையில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு நின்றால் காரணம் அங்கேதான். ஷாஃப்றின் இரு பாதிகளையும் ஒரு பல் மாறிப் பூட்டியிருந்தாலும் இதே அதிர்வு வரும், அதற்குச் செலவே இல்லை. இன்னொன்று, கெட்டியான காய்ந்த பாதையில் நான்கு சில்லு இழுவையைப் போட்டபடி ஓட்டினால் ஸ்ரியரிங் கனத்து இழுக்கும். அது உயர்த்தியதால் வந்த பிழையல்ல, கியரை மாற்றினால் போய்விடும்.

பிறேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் அதன் கனம் குறையாது. செசியிலிருந்து அச்சுக்குப் போகும் இறப்பர் குழாய், அச்சு முழுதாகத் தொங்கும்போதும் சில்லு கடைசிவரை திரும்பும்போதும் இறுகக்கூடாது. வண்டியைச் செசியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பல ஜப்பானியப் பிக்கப்புகளில் பின்னச்சோடு ஒரு கம்பியால் தொடுக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அது கொண்டு, பின் பிறேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். உயர்த்திய பிக்கப் எப்போதும் உயர்ந்தே நிற்பதால், பத்துப்பேரை ஏற்றினாலும் அந்த வால்வு வெறும் வண்டிக்கான பிறேக்கைத்தான் கொடுக்கும். கம்பி தொடுக்கும் பிறாக்கெற்றை உயர்த்திய அளவுக்கு நகர்த்தினால் போதும். செய்தவர்கள் மிகக் குறைவு.

முன்பக்கம் ரோர்ஷன் பார் உள்ள வண்டியில் அந்தப் பாரை முறுக்கியே உயர்த்திவிடலாம் என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். அதில் ஸ்பிரிங்கின் பலம் கூடுவதில்லை, சில்லு கீழே இறங்கும் இடம்தான் குறைகிறது. பள்ளத்தில் சில்லு தரையைத் தொடர முடியாமல் ஷொக் முட்டும், சீ.வி. ஜொயின்ற் தேயும், சில்லுகளின் முன்நோக்கும் சாய்வும் இரண்டும் மாறும். இவ்வகை வண்டிக்கு அலைன்மென்ற் மெசின் கட்டாயம். நெடுந்தீவிலிருந்து மிதவையில் ஏற்றிக் கடல் தாண்டி யாழ்ப்பாணம் கொண்டுபோவது சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஏற்க மனமில்லாவிட்டால் பாரை முறுக்காமல் விடுவதே சரி.

அச்சும் தண்டும் எல்லாம் சரிசெய்தபின்னும் மிஞ்சுவது ஒன்று: உயர்ந்த வண்டி உயர்ந்ததுதான். சில்லுகளுக்கிடையே 1,300 மி.மீ. அகலமும், தரையிலிருந்து 750 மி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு மையமும், 1,500 கிலோ எடையும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் 0.87. இந்த எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது இலகுவாகும். இனிப் பின்னால் தலா அறுபது கிலோ எடையுள்ள ஆறுபேர் நிற்கிறார்கள், அவர்களின் உடல் எடையின் மையம் 1.7 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், முழு வண்டியின் மையம் 930 மி.மீ. அளவுக்கு ஏறும். எண் 0.70 ஆகிறது. இரண்டு அங்குல உயர்த்தல் செய்வதைவிடப் பெரிய மாற்றத்தை நிற்கும் ஆறுபேர் செய்துவிடுகிறார்கள். உயர்த்திய வண்டியில் இரண்டும் சேர்கின்றன. நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்க இறங்குதுறையில் வந்து ஏறுபவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வந்த உறவினர்களுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதைச் செய்யும் திறமை உங்களிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்ராற் எடுத்து மண்ணெண்ணெயில் ஏ40 கார்களை ஓடவைத்த கைகள் யாழ்ப்பாணத்தின் கைகள். ஆப்பு வெட்டவும், பிறாக்கெற் நகர்த்தவும், தண்டின் நீளம் மாற்றவும் அவற்றுக்குத் தெரியும். குறைவாக இருப்பது அளவெடுக்கும் பழக்கம்.

ஆகவே மெக்கானிக்மாரிடம் கேட்பது இது. உயர்த்த வரும் எந்த வண்டியிலும் ஒரு நட்டையும் தொடுவதற்கு முன் காஸ்ரர் கோணத்தையும், டிராக் லிங்க்கின் சரிவையும், ஷாஃப்றின் இரு முனைக் கோணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் அதே தாளில் மறுபடியும் எழுதி ஒரு பிரதியை உரிமையாளரின் கையில் கொடுங்கள். உரிமையாளர்களே, அந்தத் தாள் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். அதற்கு ஆகும் கூடுதல் நாளையும் கூலியையும் மனமுவந்து கொடுங்கள். உயர்த்திய வண்டியை முதலில் ஆட்களில்லாமல், மணல் மூட்டை ஏற்றி, வெறிச்சோடிய பாதையில், மெல்ல வேகம் கூட்டி ஓட்டிப் பாருங்கள். கையைத் தளர்த்தினால் நேரே போகவேண்டும், வளைவு முடிந்தால் ஸ்ரியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவேண்டும், பிறேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. அதுவரை அந்த வண்டி தாம்போதியில் ஏறவேண்டாம், இறங்குதுறையில் ஆட்களுக்காகக் காத்து நிற்கவும் வேண்டாம். சாரதிமார் பின்னால் ஏறுபவர்களை நிற்கவிடாமல் இருத்துங்கள், மறுப்பவரை இறக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் கோணங்கள் திரும்பக் கிடைக்காத வண்டிகள் சில இருக்கும். பொருத்தமான பிற்மன் ஆம் கிடைக்காது, ஷாஃப்ற் நீளம் போதாது, அல்லது செசி அந்த வேலையைத் தாங்காது. அந்த வண்டிகளின் நீண்ட ஷாக்கிளைக் கழற்றிப் பழைய ஷாக்கிளை மாட்டி, தொழிற்சாலை வைத்த உயரத்துக்கே இறக்கிவிடுங்கள்.